விளிம்பில் வெடிக்கும் தோட்டாவும் ஒரு பழைய ரூகரும்

பாயிண்ட் டூ டூ தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் நம்மூரில் நிறையப் பேர் உண்டு. அவர்களே அதை மறந்திருக்கலாம். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்: முகாமில் குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கைக்கு எண்ணிக் கொடுத்த சில ரவுண்டுகளைச் சுட்ட கதை வரும். அது .22 ரைஃபிள். சுட்டு முடித்ததும் கயிற்றில் துணியைக் கோத்துக் குழலுக்குள் இழுக்கச் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பெயர் புல்த்ரூ. ஏன் இழுக்கிறோம் என்று மட்டும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தோட்டாவின் பின்பக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெரிய துப்பாக்கிகளின் தோட்டாவில் பின்புறம் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும். அதுதான் பிரைமர், ஊசி அதைக் குத்தினால் பொறி பிறந்து உள்ளே இருக்கும் மருந்து பற்றிக்கொள்ளும். மணியாச்சியில் வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று பயன்படுத்திய பிரவுனிங் கைத்துப்பாக்கியின் தோட்டா அந்த வகை. .22 தோட்டாவில் அந்த வட்டம் கிடையாது, பின்புறம் வழவழவென்று இருக்கும். பொறி தரும் மருந்து எங்கே? சுற்றிலும் இருக்கும் மடிப்புக்குள். தட்டின் விளிம்பு மாதிரி மடிந்திருக்கிறதே, அது உள்ளே பொள்ளல். தயாரிக்கும்போது ஈரமான பிரைமர் கலவையைப் பித்தளைக் குப்பிக்குள் வைத்து வேகமாகச் சுழற்றுவார்கள். கலவை ஓரத்துக்கு ஓடி அந்த மடிப்புக்குள் அப்பிக்கொள்ளும். கிரைண்டரில் மாவு ஓரத்துக்கு ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுடும்போது ஊசி அந்த விளிம்பை நசுக்குகிறது. அதனால்தான் ரிம்ஃபயர் என்று பெயர்.

1845 வாக்கில் பிரான்சில் ஃப்லோபேர் என்பவர் பிரைமர் மூடியிலேயே ஒரு சின்னக் குண்டைச் செருகி, வீட்டுக்குள் குறி பார்த்து விளையாடச் செய்ததில் தொடங்கியது இது. 1857இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தங்கள் முதல் ரிவால்வருக்காக .22 ஷார்ட்டைக் கொண்டு வந்தார்கள். இன்று நாம் பார்க்கும் .22 லாங் ரைஃபிள் 1887இல் வந்தது. குண்டின் குறுக்களவு சுமார் 5.6 மில்லிமீட்டர், எடை இரண்டரை கிராம் சொச்சம். நூற்று முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பெரிதாக மாறவே இல்லை.

இந்த விளிம்புச் சமாச்சாரத்தை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பழைய .22 கைத்துப்பாக்கி ஒன்றைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவதில் வரும் தொல்லைகளில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. விளிம்பை ஊசி நசுக்க வேண்டும் என்றால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய பித்தளை அதிக அழுத்தத்தைத் தாங்காது, ஆகவே மருந்து குறைவு. மருந்து குறைவு என்றால் போல்ட்டைப் பூட்டிவைக்கும் சிக்கலான அமைப்பு வேண்டாம். போல்ட்டின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும் போதும். வெடித்ததும் குண்டு முன்னே போகிறது, காலிக் குப்பி பின்னே நகர்ந்து போல்ட்டைத் தள்ளுகிறது. அப்படித் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது மிச்சப் புகையும் கரியும் பின்பக்கமாகவே கக்கப்படும். குண்டோ வெறும் ஈயம், அதன்மேல் மெழுகு பூச்சு. கரி, ஈயத்தூள், மெழுகு மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? அடுப்படிப் புகைக்கூண்டில் பிடிக்கும் பிசுக்குதான். குழல் ஓரளவு சுத்தமாக இருக்கும், போல்ட் ஓடும் இடம் நாறிக் கிடக்கும். புல்த்ரூ மட்டும் போட்டுவிட்டு "க்ளீன் பண்ணியாச்சு" என்பவர்கள் கவனிக்க.

இனி ரூகருக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், பில் ரூகர் என்ற அமெரிக்கர், போரிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாயிடம் ஜப்பானியக் குட்டி நம்பு கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினார். தன் பட்டறையில் அதைப் பார்த்து இரண்டு நகல் செய்தார். அதை அப்படியே விற்கவில்லை, ஆனால் அதன் அமைப்பு அவர் மனதில் தங்கிவிட்டது. வழக்கமான கைத்துப்பாக்கியில் மேலே ஒரு ஸ்லைடு முழுசாக முன்னும் பின்னும் ஓடும். நம்புவில் அப்படி ஸ்லைடு கிடையாது, உருளை வடிவ போல்ட் குழலின் பின்னுள்ள கூட்டுக்குள் ஓடும். ரூகர், அலெக்சாண்டர் ஸ்டர்ம் என்ற கூட்டாளி போட்ட 50,000 டாலர் முதலோடு, 1949இல் கனெக்டிகட் மாநிலத்தில் கம்பெனி தொடங்கினார். முதல் சரக்கே இந்த .22 கைத்துப்பாக்கிதான். விலை 37 டாலர் 50 சென்ட். பிடியை ஒரே இரும்புக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்காமல், தகடை இரண்டு பாதியாக அழுத்தி வெல்டிங் வைத்து ஒட்டினார், கூட்டுக்குக் குழாய். அதனால்தான் அந்த விலை கட்டுப்படியானது. 1951இல் குறி பார்க்கும் பாகத்தைத் திருத்திக்கொள்ளும்படி மார்க் ஒன் வந்தது. அதே வருஷம் ஸ்டர்ம் இளம் வயதிலேயே இறந்துபோனார். கம்பெனிச் சின்னமான கழுகு சிவப்பிலிருந்து கறுப்புக்கு மாறியது அதற்குப் பிறகுதான்.

இந்தத் துப்பாக்கியைப் பற்றி உலகம் முழுக்க ஒரே பேச்சுதான்: சுடுவதற்குத் தங்கம், கழற்றுவது பரவாயில்லை, மாட்டுவதற்குள் உயிர் போகும்.

நான் இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது ரமண நகரில். ஆசிரமத்துக்குப் பின்னால், மயில் அகவுவது வீட்டுக்குள் கேட்கும் தெரு. அந்த இடத்தில் கைத்துப்பாக்கியா என்று எனக்கே முதலில் சிரிப்பு வந்தது. வைத்திருப்பவர் எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற அரசு அலுவலர். அவர் அப்பா ரைஃபிள் கிளப்பில் சுட்டவர்; அவர் காலத்தில் வாங்கிய மார்க் ஒன், பிறகு முறைப்படி மகன் பெயருக்கு உரிமம் மாறியிருக்கிறது. இந்த மாதிரி பழசு நம்மூரில் எளிதில் அடுத்தது கிடைக்காது. 1980களின் நடுவிலிருந்து தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது பெரும்பாலும் நின்றுவிட்டது. தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்குத்தான் விலக்கு. அதனால் அமெரிக்காவில் சல்லிசாகக் கிடைக்கும் பழைய ரூகர் இங்கே கைமாறும்போது கேட்கிற விலை வேறு ரகம்.

தேர்தல் தேதி அறிவிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற சமயம் அது. வந்துவிட்டால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை துடைத்து வைப்போமே என்று அவர் கழற்றியிருக்கிறார். கழற்றியது கழன்றுவிட்டது. மூன்று நாளாக மாட்ட முடியவில்லை.

"பையில அள்ளிப் போட்டுக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனா என்ன நெனைப்பாங்க தம்பி? அப்பா வெச்சிருந்த பொருளு, இப்படி உதிரியாவா கொண்டு போய்க் கொடுக்கறது?" என்றார். தினத்தந்தி விரித்த மேஜைமேல் எல்லாம் வரிசையாகக் கிடந்தன.

உரிமம் அவர் பெயரில், ஆகவே கையும் அவருடையதாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். என் வேலை விளக்கப் படத்தைப் பார்த்துச் சொல்வது. ஆயுதச் சட்டம் 1959இன்படி, பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்ய 5ஆம் பிரிவில் தனி உரிமம் வேண்டும். ஒருவர் தன் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவது அதில் வராது. ராவுவது, குழலை வெட்டுவது எல்லாம் வேறு கதை, அந்தப் பக்கமே போகக் கூடாது.

அவர் கழற்றிய விதத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் மாட்டுவது அதைத் தலைகீழாகச் செய்வதுதான். முதலில் மேகசின். மார்க் ஒன்னில் அதை விடுவிக்கும் கொக்கி பிடியின் அடியில் இருக்கும். மேகசினை எடுத்த பிறகுதான் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துச் சேம்பரைப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் ஆபத்து: மேகசின் உள்ளே இருக்கும்போது போல்ட்டை இழுத்து விட்டால், இருந்த தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறிவிடும். பார்ப்பவர் "காலி" என்று நினைப்பார். கண்ணால் பார்த்து, விரல் நுனியை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். பழைய துப்பாக்கியில் வருஷக்கணக்காக ஒரு தோட்டா சேம்பரிலேயே ஒட்டிக்கிடப்பது நடக்காத விஷயம் இல்லை.

பிறகு குழலை ஆபத்தில்லாத பக்கம் காட்டி டிரிகரை இழுத்து, ஹேமரை முன்னே விழ விட வேண்டும். பிடியின் முதுகில் நீளமாக ஒரு பட்டை பதிந்திருக்கும், அதற்குள்தான் மெயின்ஸ்பிரிங். அதில் ஒரு தாழ்ப்பாள். ஸ்குரூ டிரைவர் முனையால் நெம்பினால் பட்டை கதவு மாதிரி பின்னால் திறக்கும். அதைக் கீழ்நோக்கி இழுத்தால், அதோடு சேர்ந்த ஒரு தடித்த ஊசி கூட்டின் மேலிருந்து உருவிக்கொண்டு வரும். அந்த ஊசிதான் போல்ட் பின்னால் பறந்து போகாமல் தடுப்பது. அது வந்துவிட்டால் போல்ட் பின்பக்கமாக வழுக்கி வெளியே வரும். கடைசியாக, குழலும் கூடும் சேர்ந்த மேல்பாகத்தை மரச் சுத்தியால் முன்னோக்கித் தட்டினால் பிடியிலிருந்து விடுபடும். இரும்புச் சுத்தி வேண்டாம். புதுத் துப்பாக்கியில் இந்த இடம் ரொம்ப இறுக்கமாக இருக்கும். நாற்பது ஐம்பது வருஷம் ஆனது கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

சுத்தம் செய்வதில் புரியாத வித்தை ஒன்றும் இல்லை. போல்ட்டின் முகம், குப்பியைப் பிடித்து இழுக்கும் சின்னக் கொக்கியின் அடி, சேம்பர் வாய், மேகசினிலிருந்து தோட்டா ஏறும் சரிவு, இந்த நாலு இடத்தில்தான் பிசுக்கு கெட்டியாக நிற்கும். பழைய டூத் பிரஷ்ஷும் கரைப்பானும் போதும். குழலுக்கு வெண்கல பிரஷ், பிறகு துணி, துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை. இந்த ரூகரில் ஒரு வசதி: போல்ட்டை எடுத்துவிட்டால் குழாய் பின்பக்கம் திறந்து கிடக்கும். கம்பியைப் பின்னாலிருந்தே விடலாம், குழலின் முன்வாயைத் தேய்க்க வேண்டியதில்லை. முன்வாய் ஒரு மயிரிழை தேய்ந்தாலும் குறி கெடும்.

கை கழுவுவதைச் சடங்காகச் சொல்லவில்லை. பழைய பிரைமர்களில் பாதரச உப்பும் பொட்டாசியம் குளோரேட்டும் இருந்தன. குளோரேட் எரிந்து மிஞ்சுவது ஒரு வகை உப்பு. நம் சமையல் உப்பு மாதிரியே காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். என்.சி.சி.யில் சுட்ட அன்றே புல்த்ரூ இழுக்கச் சொல்லும் பழக்கத்தின் வேர் அந்தக் காலத்தில் இருக்கிறது. 1920களின் பிற்பகுதியிலிருந்து துருப்பிடிக்க வைக்காத பிரைமர் பரவியது. அதில் பெரும்பாலும் ஈயக் கூட்டுப்பொருள். ஆக, துரு போய் ஈயம் வந்தது. சோறு சாப்பிடும் மேஜையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் நம்மூர்க்காரர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய். இந்த ரூகருக்கும் வருஷக்கணக்காக அதுதான் போயிருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். திருவண்ணாமலையில் சித்திரை வெயிலில் அது தண்ணீராக ஓடும். மார்கழி விடியற்காலையில் வெள்ளை மெழுகாகி போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். நல்லெண்ணெய் இன்னும் மோசம்: காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகி, கடைசியில் வார்னிஷ் பூசியதுபோல் காய்ந்துவிடும். தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் மினரல் ஆயில், உறையாது, பிசினாகாது. அதில் நாலு சொட்டு போதும். சேம்பரையும் குழலையும் சுடுவதற்கு முன் துணியால் காயத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வழிய விட்டால் அடுத்த தடவை கரி அதில்தான் ஒட்டும்.

போல்ட்டுக்குள் இருக்கும் ஊசியையும் அவர் எடுத்திருந்தார். இங்கே ஒரு குட்டி முள் உண்டு. போல்ட்டின் குறுக்கே போய், ஊசி ஒரு அளவுக்கு மேல் முன்னே வராமல் தடுப்பது. பார்ப்பதற்கு ஒன்றுக்கும் உதவாத துண்டு மாதிரி இருக்கும், மாட்டாமல் விட்டாலும் துப்பாக்கி இயங்கும். ஆனால் காலியாக டிரிகரை இழுத்தால் ஊசி நேராகப் போய்ச் சேம்பரின் ஓரத்தில் குத்தும். விளிம்பு உட்காரும் இடம் அதுதானே. இரண்டு மூன்று குத்து வாங்கினால் ஓரம் உள்ளே பிதுங்கி, தோட்டா ஏறவே மறுக்கும். பெரிய தோட்டாத் துப்பாக்கியில் ஊசி அடிக்கும் நடுவிடத்தில் எதிரே ஒன்றும் இல்லை, வெறும் ஓட்டை. .22இல் எதிரே இரும்பு. எனவே அந்த முள்ளை முதலில் தேடினோம். தினத்தந்தியின் மடிப்பில் கிடந்தது.

இனி மூன்று நாள் மல்லுக்கட்டுக்குக் காரணமான இடம். ஹேமரின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி தொங்குகிறது, ஸ்ட்ரட் என்பார்கள். அதைப் பிடித்துவைக்க ஒன்றும் கிடையாது, ஊஞ்சல் மாதிரி ஆடும். முதுகுப் பட்டையைக் கதவு சாத்துவதுபோல் மூடும்போது, இந்தக் கம்பியின் நுனி பட்டைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் தலையிலுள்ள குழியில் போய் உட்கார வேண்டும். மூடுகிற நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கம்பி முன்பக்கம் சாய்ந்து கிடந்தால் குழியில் படாது, பட்டை மட்டும் வந்து பொருந்திவிடும். எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். போல்ட்டை இழுத்தால் அரை அங்குலம் வந்து நின்றுவிடும். அவருக்கு நடந்தது அதேதான். நின்ற இடத்தில் பலம் கொடுத்து இழுத்திருக்கிறார். நல்லவேளை, ஒன்றும் உடையவில்லை.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், துப்பாக்கியைச் சாய்க்கத் தெரிந்தால் போதும். மேல்பாகத்தைப் பிடியில் பொருத்திப் பின்னோக்கித் தட்டி, ஊசி நுழையும் துளைகள் மேலும் கீழும் நேராகும்படி வைத்தார். ஹேமரைப் பின்னே மடக்கி போல்ட்டை உள்ளே தள்ளினார். அடுத்து குழலைத் தரையைப் பார்க்கச் சாய்த்து டிரிகரை அழுத்தினால் ஹேமர் தன் எடையிலேயே முன்னே விழும். விழ வேண்டும், விழாவிட்டால் மேற்கொண்டு எதுவும் சரியாக அமையாது. பிறகு தடித்த ஊசியைக் கீழிருந்து மேலே செருகி, அதன் தலை கூட்டின் மேலே எட்டிப் பார்க்கும்வரை தள்ள வேண்டும். இப்போது குழலை வானத்தைப் பார்க்கத் தூக்க வேண்டும். தூக்கினால் ஸ்ட்ரட் தானாகவே பின்னோக்கி, பட்டையின் பக்கமாகச் சாயும். அந்த நிலையிலேயே பட்டையை மெதுவாக மூட வேண்டும்.

"மூடறப்ப கடைசியில ஸ்பிரிங் எதுத்துத் தள்ளணும் சார். லேசா மூடிக்கிச்சுன்னா தப்பு" என்றேன். முதல் தடவை லேசாகத்தான் மூடியது. திறந்து, இன்னும் கொஞ்சம் செங்குத்தாகப் பிடித்து, லேசாக ஆட்டிவிட்டு மூடினார். இந்தத் தடவை கடைசி ஒரு விரற்கடை தூரத்தில் பட்டை முரண்டு பிடித்தது. கட்டைவிரலால் அழுத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். போல்ட்டை இழுத்தார். முழுசாகப் பின்னே போய், விட்டதும் ஓடி வந்து அடைந்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். மூன்று நாளாக மேஜையை விட்டுத் தரவில்லையே என்ற கோபம் அவருக்கு.

கம்பெனியும் இந்தப் புகாரை ரொம்ப காலம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. 1982இல் மார்க் டூ, 2004இல் மார்க் த்ரீ என்று வந்தும் ஊஞ்சல் கம்பி போகவில்லை. 2016இல் மார்க் ஃபோர் வந்தபோதுதான் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் அப்படியே சாய்ந்து கழலும்படி செய்தார்கள். 67 வருஷம்! ஆனாலும் பழைய மார்க் ஒன்னை வைத்திருப்பவர்கள் அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சாய்க்கும் கோணம் கைக்குப் பழகிவிட்டால் அரை நிமிஷ வேலை.

வீட்டில் பெரியவர்கள் காலமான பிறகு பீரோவில் இப்படி ஒன்று கிடைத்தால் செய்ய வேண்டியது வேறு. கழற்றவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். உரிமம் இறந்தவரோடு போயிற்று. அதற்குமேல் அது வீட்டில் இருப்பதே சட்டப்படி சரியில்லை. ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, வாரிசு என்ற முறையில் உரிமத்துக்கு மனு போடலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதே திருத்தத்தில் உரிமக் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாகியிருக்கிறது.

அறிவிப்பு வந்ததும் அவர் கொண்டு போய்க் கொடுத்தார். கொடுப்பதற்கு முந்தின நாள் குழலுக்குள் மட்டும் கொஞ்சம் தாராளமாக எண்ணெய் ஓட்டச் சொன்னேன், வாரக்கணக்கில் எந்த அலமாரியில் கிடக்குமோ தெரியாதே. தோல் உறையைத் தனியாக வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்பிலேயே வைத்து அழுத்தும்; பதனிட்ட ரசாயனமும் சேர்ந்துகொள்ளும். பழைய துப்பாக்கிகளில் ஒரு பக்கம் மட்டும் புள்ளி புள்ளியாகத் துரு தெரிந்தால், பெரும்பாலும் அது உறையோடு ஒட்டிக்கிடந்த பக்கம். அவருடையதில் இடது பக்கம் அப்படித்தான் இருக்கிறது, அப்பா காலத்துத் துரு. தேய்த்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். நீலம் பூசிய மேற்பூச்சு அதோடு போய்விடும், துரு மேலே பரவாமல் எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.